புதுப்பிப்பு: தேன்பெட்டி வைத்தாச்சு

வேதாகமப் பட்டம் முடித்து வேலை தேடுகிற இடைவெளியில் தேன்பெட்டி வைக்கலாமா என்று ஜனவரியில் கேட்டிருந்தேன். வைத்தாச்சு. களியக்காவிளை பக்கம், பெரியப்பாவின் ரப்பர் தோட்டத்தில் இரண்டு பெட்டி. எறும்பு ஏறாமல் இருக்கப் பெட்டிக்காலில் தண்ணீர்க் கிண்ணம் வைக்கச் சொன்னீர்கள். ஒன்றுக்கு மறந்துவிட்டேன், அது காலி. மற்றதில் புகை போட்டு மூடியைத் திறந்தால் உள்ளிருக்கும் மரச்சட்டம் முழுக்க மெழுகு மூடிய வெள்ளைத் தேனடை! ரப்பரில் தேன் சுரப்பது பூவில் அல்ல, தளிர் இலைக்காம்பின் நுனியில்.

அப்புறம், எபிரேயத்தில் தேனீக்குத் 'தெவோரா' என்று பெயர். பைபிளின் நியாயாதிபதிகள் புத்தகத்தில் வரும் தெபோராளின் பெயர் அதுதான். சங்கீதம் 118:12இல் எதிரிகள் தேனீக்களைப்போல வளைந்துகொள்வது, கண்ணிமையில் கொட்டு வாங்கியபோதுதான் சரியாகப் புரிந்தது.

"எலே பாஸ்டரு, முகத்துக்கு வலை கட்டிட்டுப் போ" என்கிறார் பெரியப்பா. நான் பாஸ்டர் இல்லை என்று சொல்லி அலுத்துவிட்டது.