டிரெய்லர் கதவைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது, அவசரம்

புதுவண்டி:
காருக்குப் பின்னால் இழுத்துப் போய்த் தங்கும் டிரெய்லரை வீட்டுக் கரண்டில் போட்டிருக்கிறேன். கீழே நின்றபடி கதவுப் பிடியைத் தொட்டால் கை சுரீர் என்கிறது. உள்ளே ஏறிவிட்டால் ஒன்றும் இல்லை, விளக்கு, ஃபிரிட்ஜ் எல்லாம் ஓடுகின்றன. இது சகஜமா? காலையில் குழந்தைகளோடு கிளம்ப வேண்டும்.

கம்பிக்காரன்:
சகஜமே இல்லை. வண்டியைத் தொடாமல், வீட்டுப் பக்கத்து பிரேக்கரை அணைத்துவிட்டு பிளக்கைக் கழற்றுங்கள். குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். அப்புறம் சொல்லுங்கள்: எந்த சாக்கெட்? 15 ஆம்பா, 30 ஆம்பா? நடுவில் அடாப்டர், எக்ஸ்டென்ஷன் ஏதாவது உண்டா? தரை ஈரமா?

நெடுஞ்சாலை:
வாட்டர் ஹீட்டர் எலிமென்ட்தான், நான் அடித்துச் சொல்வேன். தொட்டியில் தண்ணீர் நிரம்பும் முன்பே யாராவது சுவிட்சைப் போட்டிருப்பார்கள். வெறும் தொட்டியில் எலிமென்ட் சீக்கிரமே கருகிவிடும். அதன் உறை பிளந்தால் கரண்ட் அங்கிருந்து வண்டியின் உடம்புத் தகட்டுக்குக் கசியும்.

தூரப்பயணி:
30 ஆம்ப் சாக்கெட் புதிதாகப் போட்டதா? துணி டிரையர் சாக்கெட் என்று நினைத்து 240 வோல்ட் கொடுத்துவிடும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு. இங்கே அமெரிக்காவில் டிரெய்லரின் 30 ஆம்ப் இணைப்பு 120 வோல்ட் மட்டும்தான்.

கம்பிக்காரன்:
240 போயிருந்தால் ஃபிரிட்ஜும், கரண்டை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் கன்வர்ட்டரும் இந்நேரம் புகைந்திருக்கும். இது வேறு.

பழையசக்கரம்:
வண்டி வாங்கும் முன்பே படித்திருக்க வேண்டிய பாடம் இது. இங்கே எத்தனையோ முறை எழுதியாகிவிட்டது, தேடிப் பார்க்கக்கூட யாருக்கும் பொறுமை இல்லை. சரி, இன்னொரு முறை. டிரெய்லரின் சட்டமும் தகடும் எர்த் கம்பியோடு இணைந்திருக்கும். கொஞ்சம் கசிவு இருந்தாலும் அது அந்தக் கம்பி வழியே திரும்பிப் போய்விடும், வண்டியின் உடம்பில் வோல்டேஜ் ஏறாது. எர்த் அறுந்திருந்தால் கசிவுக்குப் போக வழி இல்லை, மொத்த வண்டியும் கரண்ட் ஏறிய கம்பி மாதிரி ஆகிவிடும். உள்ளே தெரியாததற்குக் காரணம், அங்கே நீங்கள் தொடுவது எல்லாமே ஒரே வோல்டேஜில் இருக்கிறது. ஒரு கால் மண்ணிலும் ஒரு கை கதவிலும் இருக்கும்போதுதான் கரண்ட் உங்கள் வழியாகப் பாய்கிறது.

ஈரமண்:
எதற்கு இவ்வளவு? ஒரு செம்புக் கம்பியை மண்ணில் அடித்து சட்டத்தோடு கட்டுங்கள், தீர்ந்தது.

கம்பிக்காரன்:
தீராது. மண்ணில் அடித்த கம்பி 25 ஓம் தடை காட்டினால் அது நல்ல கம்பி. 120-ஐ 25-ஆல் வகுத்தால் 5 ஆம்ப்கூட வராது. 15 ஆம்ப் பிரேக்கர் அதற்கு அசையுமா? வண்டி அப்படியே கரண்டோடு நிற்கும். பிரேக்கரை விழ வைப்பது எர்த் ஒயர்தான், மண் இல்லை.

ஈரமண்:
வீட்டுக்கே மண்ணில்தானே கம்பி அடிக்கிறார்கள்?

பழையசக்கரம்:
அது இடி மின்னலுக்கும், லைனில் வரும் உயர் அழுத்தத்துக்கும். வீட்டில் நியூட்ரலும் எர்த்தும் மெயின் பேனலில் சேர்கின்றன, அதனால்தான் ஃபேஸ் எர்த்தைத் தொட்டால் பிரேக்கர் விழுகிறது. டிரெய்லர் பேனலில் இரண்டும் சேரவே கூடாது.

புதுவண்டி:
மன்னிக்கவும், இப்போதுதான் பார்த்தேன். கழற்றிவிட்டேன். கராஜ், 15 ஆம்ப், அடாப்டர் உண்டு. தரை ஈரம், வெறுங்கால். முதலில் டெஸ்ட் பட்டன் உள்ள சாக்கெட்டில் போட்டேன், உடனே கட் ஆனது. அதனால் பழைய எக்ஸ்டென்ஷன் போட்டு உள்ளே இருக்கும் வேறு சாக்கெட்டில் செருகினேன்.

கம்பிக்காரன்:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால்! அந்தப் பட்டன் சாக்கெட் ஜிஎஃப்சிஐ. ஏறக்குறைய 5 மில்லி ஆம்ப் கசிந்தாலே வெட்டிவிடும். அது கெட்டுப்போகவில்லை, கசிவைக் காட்டிக்கொடுத்தது. ஆக உங்களிடம் இரண்டு கோளாறு: வண்டிக்குள் கசிவு, பழைய எக்ஸ்டென்ஷனில் எர்த் இல்லை. அதன் பிளக்கில் எர்த்துக்கான உருண்டைப் பின் இருக்கிறதா பாருங்கள். பின் இருந்தாலும் மல்டிமீட்டரில் முனைக்கு முனை தொடர்ச்சி பாருங்கள். சாக்கெட்டில் செருகிப் பார்க்கும் மூன்று விளக்கு டெஸ்டரை மட்டும் நம்ப வேண்டாம், சாக்கெட்டில் எர்த்தையும் நியூட்ரலையும் குறுக்கே இணைத்து ஃபேஸையும் மாற்றிப் போட்டிருந்தால் அது சரி என்றே காட்டும்.

நெடுஞ்சாலை:
எலிமென்ட் என்று சொன்னேனே. ஒயரைத் தொடும்போது வண்டியில் கரண்ட் இருக்கக் கூடாது. ஹீட்டர் பிரேக்கரை மட்டும் அணைத்தால் போதாது, அது ஃபேஸை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் பக்கம் கசிந்தால் ஜிஎஃப்சிஐ அப்போதும் விழும். எலிமென்ட்டின் இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டு, பட்டன் சாக்கெட்டில் செருகிப் பாருங்கள்.

தூரப்பயணி:
பேனலைத் தொட்டுப் பழக்கம் இல்லையென்றால் ஆளைக் கூப்பிடுங்கள். ஒரு நாள் தாமதமானால் ஆகட்டும்.

புதுவண்டி:
எக்ஸ்டென்ஷனில் உருண்டைப் பின்னே இல்லை, உடைந்திருக்கிறது. எலக்ட்ரீஷியன் வந்தார். எலிமென்ட் ஒயரைக் கழற்றியதும் பட்டன் சாக்கெட் கட் ஆவதில்லை. எலிமென்ட் மாற்றியபின் கிளம்புகிறோம். நன்றி.

கம்பிக்காரன்:
மாற்றியபின் வண்டிச் சட்டத்துக்கும் சாக்கெட்டின் எர்த்துக்கும் நடுவே ஏசி வோல்டேஜ் அளந்து பாருங்கள், ஏறக்குறைய பூஜ்யம் வர வேண்டும். அந்த எக்ஸ்டென்ஷனை வெட்டிப் போடுங்கள், வேறு யாரும் எடுத்துச் செருகிவிடக் கூடாது.

ஈரமண்:
அப்போ ஜெனரேட்டரில் ஓட்டினால் எர்த் எங்கே போகும்?

பழையசக்கரம்:
அதற்குத் தனி இழை போடுங்கள், வந்து எழுதுகிறேன்.