கபடி டீமோட துணைக்குப் போறேன், அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

வணக்கம். என் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா, ஸ்கூல் கபடி டீம்ல ரைடர். வர்ற சனிக்கிழமை வெளியூர்ல மேட்ச். ஆடுற 7 பேர், மாத்து 5 பேர், கூட பி.இ.டி. சார். துணைக்கு ஒரு அம்மா வேணும்னாங்க. யாரும் வாயே திறக்கல, நான் கையைத் தூக்கிட்டேன். இப்போ வயித்தைக் கலக்குது.

போன தடவை ஒரு பிள்ளை, எடை 55 கிலோவைத் தாண்டிடக் கூடாதுன்னு முந்தின ராத்திரியே சாப்பாட்டை நிறுத்திட்டா. எடை பார்த்து முடிச்சதும் நாலு பரோட்டா. மேட்ச் நடுவுல கோட்டுக்குப் பக்கத்துலயே உக்காந்து வாந்தி. திட்டினது எல்லாரும், தண்ணி கொடுத்தது யாரும் இல்ல. எடை பார்த்ததுக்கும் ஆட்டத்துக்கும் நடுவுல வயித்துக்கு இதமா என்ன கொடுக்கலாம்? இட்லியும் வாழைப்பழமும் போதுமா?

மண் தரை வேற. முட்டி, முழங்கை எல்லாம் சிராய்ச்சுக்குவாங்க. பஞ்சு, மருந்து, கிரேப் பேண்டேஜ், நாப்கின், நகவெட்டி (நகம் இருந்தா உள்ள விடமாட்டாங்க) எடுத்தாச்சு. ஐஸ் மட்டும் மத்தியானம் வரைக்கும் உருகாம எப்படிக் கொண்டு போறது? தெர்மோகோல் பெட்டி தாங்குமா?

இன்னொண்ணு, கோர்ட் ஓரத்துல நின்னு என் பொண்ணு பேரை மட்டும் கத்தாம இருக்கறது எப்படி? அதுக்கும் யாராவது வழி சொல்லுங்கப்பா.

வியாழக்கிழமைக்குள்ள சொன்னீங்கன்னா கடைக்குப் போய் வாங்கிடுவேன்.