"சிசேரியன்க்கா" என்றார் அந்த மேடம்

தையல்மிஷின்:
பழைய வண்ணாரப்பேட்டையில் சின்னக் கடை வைத்திருக்கிறேன். எம்.சி. ரோட்டில் புடவை எடுப்பவர்கள் அப்படியே சந்துக்குள் வந்து பிளவுஸுக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த மேடமும் அப்படி வந்தவர்தான். ஹார்பருக்கு ஓடும் கண்டெய்னர் டிரெய்லர் 11 வைத்திருக்கிறார். மகளிர் தினம் வந்தால் கல்லூரியில் பேசக் கூப்பிடுகிறார்கள். அம்மா நகையை விற்றுத்தான் முதல் வண்டிக்கு முன்பணம் கட்டினேன் என்று பேசுவார். வீடியோவில் பார்த்திருக்கிறேன், கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும்.

எல்லாருக்கும் பிளவுஸ் உயரம் 14, மிஞ்சினால் 15. இவருக்கு 17. அளவும் புடவைக்கு மேலேயே எடுக்க வேண்டும்.

ஒரு நாள் சாயங்காலம் விழா என்று அவசரம். இடது பக்கம் பிடிக்கிறது என்று கடையிலேயே போட்டுப் பார்த்தார். குண்டூசியோடு குனிந்தேன். விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கம் தொடங்கி முன்னால் வரைக்கும் ஒரு சாண் தழும்பு. இரண்டு ஓரமும் தையல் புள்ளிகள். கோணல் தையல். அவசரத்தில் போட்டது என்று பார்த்தாலே தெரிகிறது, நானும் தைக்கிறவள்தானே.

"சிசேரியன்க்கா" என்றார். நான் எதுவும் கேட்கவே இல்லை.

எனக்கு இரண்டும் சிசேரியன்தான், அது எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தவிர, என் நாத்தனாருக்கு இதே இடத்தில் இதே தழும்பு. சுனாமிக்கு அப்புறம் எர்ணாவூர் குடியிருப்பில் இருந்தவர். மேலே சொல்ல வேண்டியதில்லை, நம்ம பக்கத்து ஆட்களுக்குப் புரியும்.

"ஆமாம்மா, எனக்கும் ரெண்டு" என்று சொல்லிவிட்டு ஊசியைக் குத்தினேன். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவ்வளவுதான் நடந்தது. 2 வருஷமாக உறுத்துகிறது.

காசிமேட்டுக்காரன்:
உங்களுக்குத் தழும்பு, எனக்குக் கை. கிண்டியில் ஒரு கம்பெனியில் இருந்தபோது எங்கள் மேனேஜர் அம்மா மயிலாப்பூர் என்பார். மீன் வாடையே ஆகாதாம். வெளிநாட்டுப் பார்ட்டி ஒருவர் ஆசைப்பட்டார் என்று விடிகாலையில் காசிமேடு ஏலத்துக்குக் கூட்டிப்போனோம். ஒரு வஞ்சிரத்தைக் காட்டி, நல்லதா என்று கேட்டார் பார்ட்டி. மேனேஜர் அம்மாவின் கட்டைவிரல் செவுளைத் தூக்கிவிட்டது. வயிற்றில் ஒரு அமுக்கு. "நேத்து மீன்" என்றார்.

கூடைக்கார ஆயா நிமிர்ந்து பார்த்து, "நீ யார் ஊட்டுப் பொண்ணுமே?" என்று கேட்டது.

பதில் இல்லை. கைக்குட்டையை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார். திரும்பி வரும்போது காரில் முழுக்க இங்கிலீஷ்தான். நானும் வாயைத் திறக்கவில்லை. என் பயோடேட்டாவில் இருந்ததும் அண்ணா நகர் சித்தி வீட்டு முகவரிதானே.

திருவொற்றியூர்வாசி:
காசிமேடு அண்ணே, மயிலாப்பூர் என்றால் மாடவீதி மட்டும்தானா? மீனவர்கள் இருக்கிற நொச்சிக்குப்பம் எங்கே இருக்கிறது? அந்தம்மா பொய்யே சொல்லாமல்கூட இருந்திருக்கலாம்.

தையல் அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். "எனக்கும் ரெண்டு" என்றதே ஒரு குத்தல்தான். 1994 சட்டப்படி கிட்னிக்குக் காசு கொடுத்தவனுக்கு மட்டுமல்ல, காசு வாங்கிக்கொண்டு கிட்னி கொடுத்தவருக்கும் ஜெயில் உண்டு. அதைப் போய் மைக் பிடித்துச் சொல்ல முடியுமா? அம்மா நகை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். வில்லிவாக்கத்தையே ஒரு காலத்தில் கிட்னிவாக்கம் என்று சிரித்த ஊர் இது. 2007-ல், எர்ணாவூர் சுனாமிக் குடியிருப்பில் பெண்கள் கிட்னி விற்ற விஷயம் பேப்பரில் வந்த சமயம் எங்கள் தெரு அக்கா ஒருவர் முகம் காட்டிப் பேசினார். நியாயம் கிடைக்கும் என்று நம்பினார், பாவம். பெண்ணுக்கு வந்த வரன்தான் திரும்பிப்போனது. புரோக்கர் இன்றைக்கும் டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறான்.

டயாலிசிஸ் நர்ஸ்:
எனக்கும் அப்படி ஒருவரைத் தெரியும். ஸ்கேனில் ஒரு கிட்னிதான் இருக்கிறது என்று வந்ததும், "பிறவியிலேயே அப்படித்தான்" என்றார். டாக்டர் தழும்பைப் பார்த்துவிட்டுப் பிறவி என்றே எழுதிக்கொண்டார்.

அதை விடுங்கள், முக்கியமான விஷயம். ஒரு கிட்னியோடு இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பி.பி., ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் மூன்றும் பார்க்க வேண்டும். இடுப்புவலி, முட்டிவலி என்று மெடிக்கலில் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வாங்கி விழுங்குவதுதான் பெரிய ஆபத்து. நம் ஏரியாவில் அதைக் கடலைமிட்டாய் மாதிரி தின்கிறார்கள். மருந்து ஏற்றி எடுக்கிற ஸ்கேன் என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சுகர் இருந்தால் இன்னும் கவனம். கர்ப்பமாக இருந்தால் பி.பி. ஏறும் வாய்ப்பு அதிகம், முதல் மாதத்திலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வெளியில் மறைத்தால் மறைத்துக்கொள்ளுங்கள், டாக்டரிடம் மறைக்காதீர்கள். உப்பு, கருவாடு, அப்பளம், ஊறுகாய் எல்லாம் குறைக்க வேண்டும். தையல் அக்கா, உங்கள் மேடத்திடம் எப்படியாவது இதைச் சொல்லிவிடுங்கள்.

காசிமேட்டுக்காரன்:
சிஸ்டர், அந்தம்மா சிசேரியன் என்று சொல்லியிருக்கிறார். இவர் போய் கருவாட்டைக் குறைங்க என்றால் நன்றாகவா இருக்கும்?

திருவொற்றியூர், நொச்சிக்குப்பம் பாயின்ட் எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் ஆயா கேட்ட கேள்விக்கு அவர் முகம் போன போக்கை நீங்கள் பார்க்கவில்லை.

தையல்மிஷின்:
குத்தலாகச் சொல்லவில்லை தம்பி. "ஆமாம்" என்று தலையாட்டிவிட்டால் அவருக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். தப்பாகப் போய்விட்டது போல.

அதற்கப்புறம் அவர் கடைக்கு வரவில்லை. வேறு டெய்லரிடமும் போகவில்லை. டிரைவர்தான் பிளவுஸ் பிட்டையும் அளவு பிளவுஸையும் கொண்டுவருகிறார். போன மாதம் 2 பிளவுஸ், கூலி 700. கவரில் 2,000 இருந்தது. மிச்சத்தை நீட்டினேன், மேடம் வாங்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்று வண்டியை எடுத்துவிட்டார். அந்த 1,300 இன்னும் கத்தரிக்கோல் வைக்கிற டிராயரில்தான் இருக்கிறது. இன்று காலையில் அடுத்த பிட் வந்திருக்கிறது. உயரம் 17 என்று அவர் எழுதி அனுப்பவில்லை, நானாகத்தான் வெட்டினேன்.