மஞ்சள் அரளிச் சாற்றுக்கு எலி இதயம் போதுமா?

கொழிஞ்சாம்பாறை மாணவி: எங்க ஊர் வேலிகளில் நிற்கிற மஞ்சள் அரளியின் விதைச் சாறு இதயத் துடிப்பை என்ன செய்கிறதென்று எம்.எஸ்சி. ஆய்வுக்குப் பார்க்கணும். கல்லூரியில் விஸ்டார் எலியும் (ஆய்வக வெள்ளெலி), எடுத்த இதயத்தை உடலுக்கு வெளியே துடிக்க வைக்கிற லாங்கென்டார்ஃப் கருவியும் இருக்கு. எலியிலேயே முடிச்சுடலாமா?

பாலக்காட்டு உடலியல்: தாராளமா. ஒரே வயசு, ஒரே எடையில் கிடைக்கும், செலவும் குறைவு. ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் போட்டு, இதயத்தை எடுத்ததும் பனிக்குளிர் கிரெப்ஸ் கரைசலில் (ரத்தத்துக்குப் பதிலான உப்புக் கரைசல்) போடுங்க. மூணு நிமிஷத்துக்குள் மகாதமனியில் கேனுலா என்கிற மெல்லிய குழாய் ஏறணும். 37 டிகிரி, 70 மி.மீ. பாதரச அழுத்தம். கால்சியம் குளோரைடைக் கார்போஜன் (ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு) ஓடின பிறகே சேர்க்கணும், முந்தினால் கரைசல் பால் மாதிரி கலங்கிடும்.

கோவை மருந்தியல்: முறை சரிதான் சார், விலங்குதான் பொருந்தலை. அரளியின் நஞ்சான கிளைகோசைடுகள், செல்லிலிருந்து சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிற சோடியம்–பொட்டாசியம் பம்பை அடக்குபவை. எலியில் அந்தப் பம்பின் ஆல்ஃபா-1 வடிவத்தில் 111, 122ஆம் இடத்து அமினோ அமிலங்கள் வேறு. அதனால் நூறு மடங்குக்கு மேல் கொடுத்தால்தான் எலி இதயம் அசையும், அதாவது மாற்றம் காட்டும். சுண்டெலியும் அப்படியே. கினிப்பன்றி எடுங்கம்மா.

பாலக்காட்டு உடலியல்: அளவைக் கூட்டினால் போச்சு. கினிப்பன்றிக்கு வைட்டமின் சி தனியாத் தரணும். எலித் தீவனத்திலேயே வளர்த்தால் ஸ்கர்வி வந்து ஆய்வே கெடும்.

கோவை மருந்தியல்: கூட்டும்போதுதான் ஆபத்து. செடிச் சாற்றில் பொட்டாசியம் நிறைய. கிரெப்ஸில் இருப்பது சுமார் 5.9 மில்லிமோல், சாறு அதை இருபதாக்கினால் எந்த இதயமும் நின்னுடும், அதை அரளியின் கணக்கில் எழுதிடுவீங்க. ஃபிளேம் ஃபோட்டோமீட்டரில் (சுடரின் ஒளியால் பொட்டாசியத்தை அளக்கும் கருவி) சாற்றை அளந்து, அதே பொட்டாசியத்தை மட்டும், ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு கண்ட்ரோல் இதயத்துக்குக் கொடுங்க. நிற்கும் விதத்தையும் பாருங்க: பொட்டாசியத்தில் வென்ட்ரிக்கிள் (இதயத்தின் கீழறை) தளர்ந்து நிற்கும், கிளைகோசைடில் சுருங்கி இறுகி நிற்கும்.

கொழிஞ்சாம்பாறை மாணவி: தவளை ஆகாதா சார்? வயலெல்லாம் இருக்கே.

நெம்மாறை விலங்கியல்: தவளை இதயம் கிளைகோசைடுக்கு நல்லா அசையும். ஆனா வனத்துறை அனுமதி இல்லாமல் பிடிக்காதீங்க. தேரையைத் தொடவே வேண்டாம்: தன் தோலிலேயே இதே வகை நஞ்சு சுரப்பதால் அதன் பம்பு அடங்காது. பாலக்காட்டுக் கோடையில் அறை வெப்பத்தை நம்பவும் முடியாது, தவளை இதயத்துக்கான ரிங்கர் உப்புக் கரைசலைத் தண்ணீர்த் தொட்டியில் ஒரே நிலையில் வைக்கணும்.

பாலக்காட்டு உடலியல்: அப்போ எலியும் கினிப்பன்றியும் ஒரே அளவில் வைக்கட்டும். எலி அசையாமல் கினிப்பன்றி அசைந்தால் அதுவே பம்புக்குச் சாட்சி ஆச்சே.

கோவை மருந்தியல்: நல்ல யோசனைதான், ஆனா அதுக்கு இன்னும் பல உயிர் போகணும், நெறிமுறைக் குழுவும் எண்ணிக்கைக்குக் காரணம் கேட்கும். அதே கினிப்பன்றியின் சிறுநீரகத்தில் பம்பு நிறைய. அதை அரைத்து, பம்பை அடக்கும் ஒவாபைன் சேர்த்தும் சேர்க்காமலும் ஏ.டி.பி. (பம்புக்கு ஆற்றல் தரும் பொருள்) சிதைவை அளந்தால் பம்பின் பங்கு தெரியும்; சாறு அதைக் குறைக்கிறதா என்று பார்த்தால் போதும், கூடுதல் விலங்கே வேண்டாம்.