வீட்டுல ஓடுச்சு, போட்டுல ஓடல: சீரியல்ல (டிவி சீரியல் இல்ல, போர்டும் லேப்டாப்பும் ஒயர்ல எழுத்து எழுத்தா பேசிக்கிறது) மண்டை காஞ்ச கதை இருந்தா போடுங்க

காசிமேட்டுப் பையன்:
சித்தப்பாவோட ஃபைபர் போட்டுக்கு ஜிபிஎஸ் டிஸ்ப்ளே. நியோ-6எம்-னு ஒரு ஜிபிஎஸ் போர்டு, ஊனோன்னு ஒரு குட்டி ஆர்டுயினோ கம்ப்யூட்டர் போர்டு, ஒரு எல்சிடி, அவ்ளோதான் சரக்கு. வலை போட்ட இடத்த பட்டன் அழுத்தி சேவ் பண்ணணும். வீட்டுல நாலு நாள் ஓட்டினேன், 9600 வேகத்துல (செகண்டுக்கு அத்தனை பிட்டு) ஒரு எழுத்து பிசகல. போட்டுல ஏத்தி லேப்டாப்ப சொருகினா போர்டு அனுப்புற எழுத்தக் காட்டுற ஜன்னல், அதான் சீரியல் மானிட்டர், பூரா தலைகீழ் கேள்விக்குறி.

ஒயர மாத்திப் பாத்தேன், 4800, 38400-னு வேகத்தையும் மாத்திப் பாத்தேன். வெயில் மண்டையப் பொளக்குது, ஐஸ் ஏத்துறவங்க வேற "தள்ளிக்கோ தம்பி"-னு மேல இடிக்கிறாங்க. வெறுத்துப்போய் எல்லாத்தையும் கழட்டலாம்னு ஒரு கையால ஊனோவோட யுஎஸ்பி தகரத்தையும் இன்னொரு கையால ஜிபிஎஸ் போர்டையும் புடிச்சேன். அந்த நொடி ரெண்டு வரி சுத்தமா ஓடுச்சு. 1307-ல ஆரம்பிக்குது, அப்புறம் 08017. அதாவது வடக்க 13 டிகிரி 7 நிமிஷம், கிழக்க 80 டிகிரி 17 நிமிஷம். காசிமேடேதான்! கைய எடுத்தேன், திரும்பவும் குப்பை. வெச்சேன், வந்துது.

சித்தப்பா பாத்துட்டு, "இன்னாடா, நீ புடிச்சிக்கினே கடலுக்கு வர்றியா?"-ன்னார்.

ஊனோவுக்கு போட்டு பேட்டரி, ஜிபிஎஸ்ஸுக்கு தனியா பவர் பேங்க். ரெண்டுக்கும் நடுவுல கிரவுண்டு ஒயர் கொடுக்கல, வோல்ட்ட அளக்க ரெண்டுக்கும் பொதுவான பூஜ்யமே இல்ல. வீட்டுல ரெண்டும் ஒரே லேப்டாப்ல இருந்து கரண்ட் எடுத்ததால கிரவுண்டு தானா சேந்திருந்துது. ஒரே ஒரு கருப்பு ஒயர், வேலை முடிஞ்சுது. ஆனா சித்தப்பா இன்னும் விடல.

கொருக்குப்பேட்டை மொட்டமாடி:
எனக்கு கிரவுண்டு பிரச்சனை இல்ல, சூரியன் பிரச்சனை. மாடி டேங்குல தண்ணி மட்டம் பாக்க போர்டு இல்லாம வெறும் 328பி சிப்பு, ஊனோல இருக்கிற அதே மூளை. துல்லியமா டிக் அடிக்கிற கிறிஸ்டல் வாங்க கஞ்சப்பட்டு சிப்புக்கு உள்ள இருக்கிற 8 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்துலயே விட்டேன். ராத்திரி ஒழுங்கா நம்பர் வரும். மத்தியானம் பன்னெண்டு தாண்டினா குப்பை. ஒரு வாரம் கோடையே மாத்தி மாத்தி எழுதினேன். அம்மா துவைச்ச ஈரத் துண்டு ஒண்ணு காத்துல பறந்து டப்பா மேல விழுந்துது. எடுக்கப் போறதுக்குள்ள கீழ தங்கச்சி கத்துறா, "அண்ணா, 64-னு வந்துச்சு!" துண்டக் காய விட்டேன், போச்சு. திரும்ப நனைச்சுப் போட்டேன், வந்துது.

அந்த உள் கடிகாரம் கம்பெனில இருந்து வரும்போதே பத்து சதவீதம் வரைக்கும் முன்னபின்ன இருக்கலாம். சீரியலோட வேகம் அந்தக் கடிகாரத்த வெச்சுத்தான், அது தாங்குறது சுமாரா நாலு சதவீதம். என் சிப்பு விளிம்புல உக்காந்திருந்துது, வெயில் புடிச்சுத் தள்ளிடுச்சு. கிறிஸ்டல் ஒண்ணு, 22 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் ரெண்டு, எந்தக் கடிகாரம்னு சிப்புக்குச் சொல்ற ஃபியூஸ் பிட்டயும் மாத்தினேன். இப்ப துண்டு கொடியிலயே இருக்கு.

பழைய வண்ணாரப்பேட்டை:
காசிமேட்டுத் தம்பி, கிரவுண்டுன்னு நீயே தீர்ப்பு எழுதிட்ட. உப்புக்காத்துல ஜம்பர் ஒயரோட முனை பச்சை பூத்துடும், கை பட்டு அசைஞ்சாலும் லைன் வரும். எனக்கு ஒருவாட்டி டீக்கடை போர்டுல அப்படி ஆச்சு, அதோட என் கதை முடிஞ்சுது. விஷயத்துக்கு வர்றேன். எல்லாரும் முதல்ல கோட நோண்டுறீங்க. ஊனோல ரீசெட்ட கிரவுண்டோட சேத்துடு, சிப்பு தூங்கிடும். சீரியல் போற வர்ற 0, 1 ரெண்டு பின்னயும் ஒரு ஒயரால இணை. சீரியல் மானிட்டர்ல "வணக்கம்"-னு அடி. அடிச்சது திரும்பி வந்தா கேபிள், டிரைவர், யுஎஸ்பி சிப்பு மூணும் நல்லாருக்கு. வரலைன்னா கேபிளப் பாரு, சில கேபிள் சார்ஜ் மட்டும் ஏத்துறது, உள்ள டேட்டா கம்பியே கிடையாது. அடுத்து மல்டிமீட்டர். எழுத்த அனுப்புற பின்னு டிஎக்ஸ், அது சும்மா இருக்கும்போது 5 வோல்ட் காட்டணும், 3.3 போர்டுன்னா 3.3. பூஜ்யம் காட்டுச்சுன்னா நீ வெச்சது டிஎக்ஸே இல்ல, இல்லன்னா போர்டுக்குக் கரண்டே வரல. 5 வோல்ட்ட 3.3 போர்டுக்குக் குடுக்கும்போது 1கே, 2கே ரெசிஸ்டர் போட்டுப் பிரி. ஈஎஸ்பி 8266-ங்கிற வைஃபை போர்டுல ஆன் பண்ணதும் வர்ற குப்பையப் பாத்து பயப்படாத, அது 74880 வேகத்துல பேசுது. ஊனோவோட 3.3 பின்னுல ஈஎஸ்பிய ஓட்டாத, அது 50 மில்லிஆம்ப் குடுக்கத்தான் லாயக்கு. இதெல்லாம் பாக்காம பேட்டரி, பவர் பேங்க்னு கதை விடாத.

ராயபுரம் ஜிம்:
அண்ணே, கேட்டது கதை, நீங்க டியூஷன் எடுக்கறீங்க.

எங்க பாக்ஸிங் கிளப்புக்கு டைமர் செஞ்சேன், மூணு நிமிஷம் ரவுண்டு, ஒரு நிமிஷம் ரெஸ்ட், ப்ளூடூத்ல ஸ்டார்ட். போட்டி அன்னிக்குக் காலைல சின்னப் பசங்களுக்கு ரவுண்ட ரெண்டு நிமிஷமாக்கச் சொன்னாங்க. மாத்தி ஏத்துறேன், "நாட் இன் சிங்க்"-னு, அதாவது போர்டு சரியா பதில் சொல்லலைன்னு, சிவப்புல பத்து வரி. நாலாவது முயற்சில கை நடுங்குது. மாஸ்டர் விசில எடுத்து வாய்ல வெச்சுட்டு, ஒண்ணும் பேசாம என்னையே பாக்கறாரு. கிளவுஸ் போட்டுக்கிட்டு வரிசைல நின்ன பொடியன் ஒருத்தன், "அண்ணா, அந்த மினுக்கிக்கினே இருக்கிறத கழட்டிப் பாருங்க"-ன்னான். ஹெச்சி-05, ப்ளூடூத் போர்டு. அத 0, 1-லயே சொருகி வெச்சிருந்தேன், அப்லோடும் அதே வழிலதான் வரணும். கழட்டினேன், ஏறிடுச்சு. அதுக்குள்ள ரெண்டு பவுட் விசில்லயே முடிஞ்சுபோச்சு.

கொருக்குப்பேட்டை மொட்டமாடி:
பொடியனுக்கு ஒரு ஊனோ வாங்கிக் குடுங்க.

காசிமேட்டுப் பையன்:
வண்ணாரப்பேட்டை அண்ணே, உப்பு நிஜந்தான், ஒத்துக்கறேன். ஆனா கிரவுண்டு ஒயர் போட்டதுக்கு அப்புறம் போர்ட புடிச்சு ஆட்டிப் பாத்தேன், ஒரு எழுத்து போகல. லூஸ் கனெக்‌ஷனா இருந்தா போயிருக்கணும்ல? இருந்தாலும் நேத்து எல்லா முனையையும் ஈயம் வெச்சு, மேல வார்னிஷ் அடிச்சுட்டேன். சித்தப்பா வாசம் புடிச்சுட்டு, "இன்னாடா, உனக்குப் பதிலா ஆளு போட்டுட்டியா?"-ன்னார்.