ஹெர்மன் ஆமைக்குட்டி கண் திறக்கவில்லை, சாப்பாட்டையும் தொடவில்லை – உதவி தேவை

ஆதிராவின் அம்மா (ஹரோ, லண்டன்)

வணக்கம். மகள் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்ததால் இலையுதிர்காலத்தில் ஒரு ஹெர்மன் ஆமைக்குட்டி வாங்கினோம். பிறந்து ஆறு மாதம் இருக்கும் என்று கடையில் சொன்னார்கள். எடை 38 கிராம், உள்ளங்கையில் அடங்கிவிடும். அதற்கென்று கடையிலேயே ஒரு தொகுப்பாகக் கொடுத்தார்கள்: மூன்றடிக் கண்ணாடித் தொட்டி, சிவப்பு வெப்ப விளக்கு, சுருள் வடிவில் ஒரு யூவிபி (புற ஊதாக் கதிர்) விளக்கு, தரைக்கு மரச்சீவல், ஒட்டும் வெப்பமானி. உணவு வெள்ளரிக்காய், லெட்டூஸ், எப்போதாவது தக்காளி, அவர்கள் கொடுத்த உருண்டைத் தீவனம்.

முதலில் நன்றாகத்தான் ஓடித் திரிந்தது. இப்போது மூலையில் முகத்தைப் புதைத்துப் படுத்துவிடுகிறது. எடுத்து வெளியே வைத்தாலும் கண்ணைத் திறப்பதில்லை. உணவை மூக்கருகே வைத்தால் தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அடி ஓட்டை விரலால் மெதுவாகத் தொட்டால் கொஞ்சம் அமுங்குவதுபோல் இருக்கிறது. வெப்பமானி 27 டிகிரி காட்டுகிறது, ஆகவே குளிர் காரணமாக இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

"ஆமை என்றால் குளிர்காலத்தில் தூங்கத்தான் செய்யும், விடு" என்கிறார் என் அம்மா. அது சரியா? கண் நோயா? பக்கத்திலுள்ள கால்நடை மருத்துவர் நாய், பூனை மட்டுமே பார்ப்பாராம். மகள் பள்ளியிலிருந்து வந்ததும் தொட்டியின் முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொவென்ட்ரி குமரன்

வணக்கம் சகோதரி. உங்கள் அம்மா சொல்வதில் பாதி உண்மை. ஹெர்மன் ஆமை ஸ்பெயின், இத்தாலி, கிரேக்கம் பக்கத்து விலங்கு. காட்டில் குளிர்கால உறக்கம் அதற்கு உண்டு. ஆனால் அந்த உறக்கம் 5 டிகிரியை ஒட்டிய குளிரில், வயிறு காலியான பிறகு நடப்பது. வீட்டு அறையின் 18, 20 டிகிரியில் அது உறங்குவதும் இல்லை, விழித்திருப்பதும் இல்லை. உடம்பு எரிபொருளைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். வாயில் ஒன்றும் போகாது. இரண்டுக்கும் நடுவில் சிக்கிய நிலை இது. குட்டிகள் இதில்தான் போய்விடுகின்றன.

வேறு எதையும் செய்வதற்கு முன் அந்த வெப்பமானியைக் கழற்றுங்கள். அது கண்ணாடியில் எந்த உயரத்தில் ஒட்டியிருக்கிறது? குட்டி வாழ்வது தரையிலிருந்து மூன்று சென்டிமீட்டர் உயரத்தில். இலக்க வெப்பமானியின் கம்பி முனையை அது படுக்கும் மூலையிலும், விளக்குக்கு நேர் கீழேயும் வைத்து இரண்டு எண்ணையும் எழுதுங்கள். துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானி கிடைத்தால் இன்னும் நல்லது. அதைக்கொண்டு ஓட்டின் மேற்பரப்பையே அளந்துவிடலாம்.

அதுவரை வாயைத் திறந்து ஊட்ட முயலாதீர்கள். உடம்பு சூடாகாமல் உள்ளே போன உணவு செரிக்காது, குடலில் கிடந்து புளிக்கும்.

ஆதிராவின் அம்மா

குமரன் அண்ணா, அளந்தேன். மூலையில் 19. விளக்குக்கு நேர் கீழே 24. ஒட்டியிருந்த வெப்பமானி விளக்குக்குப் பக்கத்திலேயே மேல் விளிம்பில் இருந்தது. பகலில் தொட்டியை ஜன்னல் வெயிலில் வைக்கிறோமே, அது போதாதா?

கொவென்ட்ரி குமரன்

நினைத்தேன். 24 என்பது அதற்கு நிழலில் நிற்கும் சூடு. வெயில் காயும் இடம் என்றால் ஓட்டின் மேல் 32 முதல் 35 டிகிரி வேண்டும். மறுகோடி 20, 22ஆக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். சூடு போதும் என்று அதுவே முடிவு செய்து நகர்ந்துகொள்ள இடம் தேவை.

ஜன்னல் வெயில் கணக்கில் வராது. யூவிபி கதிர் சாதாரணக் கண்ணாடியைக் கடப்பதில்லை. அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உண்டாகும். அது இல்லாமல் தின்ற சுண்ணாம்புச் சத்து எலும்புக்கும் ஓட்டுக்கும் போய்ச் சேராது. கோடையில் அதே ஜன்னலோரக் கண்ணாடித் தொட்டி ஓர் அரைமணி நேரத்தில் குட்டியை வேகவைத்துவிடும் என்பது வேறு கதை.

சிவப்பு விளக்கை எடுத்துவிட்டு வெள்ளை ஒளி தரும் ஹாலோஜன் விளக்கு போடுங்கள். வெளிச்சமும் சூடும் ஒரே இடத்திலிருந்து வந்தால்தான் ஆமைக்கு அது சூரியன். இருட்டுச் சிவப்பின் கீழ் அது பகல் என்றே நினைக்காது. விளக்கைப் பிடிப்பான் மட்டும் வைத்து மாட்டாதீர்கள், சங்கிலியாலும் கட்டுங்கள். விழுந்தால் கீழே மரச்சீவல் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். சுருள் விளக்குக்குப் பதில் தொட்டியின் நீளத்தில் பாதிக்கு மேல் வரும் டி5 என்ற மெல்லிய குழல்விளக்கு, பிரதிபலிப்பானோடு. எவ்வளவு உயரத்தில் மாட்டுவது என்பது விளக்கின் வலிமையைப் பொறுத்தது. பெட்டியிலேயே தூர அட்டவணை இருக்கும், அதன்படி செய்யுங்கள். நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ கூடாது. நாளுக்கு 12 மணி நேரம், இரவில் எல்லாம் அணைந்து இருட்டாக இருக்கட்டும். குழல் எரிந்துகொண்டே இருந்தாலும் யூவிபி குறைந்துவிடும், ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டும்.

விளக்கு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். தினமும் வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் குளிப்பாட்டுங்கள். நீர் தாடைக்குக் கீழே நிற்கட்டும், ஆறினால் மாற்றுங்கள். தாகமாயிருக்கும் குட்டி கழுத்தை நீட்டி முகவாயை நீரில் வைத்து அசையாமல் நிற்கும். தொண்டைத் தோல் மட்டும் மெல்லத் துடிக்கும். அதுதான் குடிப்பது. பிறகு வெள்ளையாக ஒன்று வெளியே வரும். பற்பசைபோல் மென்மையாக இருந்தால் கவலையில்லை. விரலில் நெரித்தால் மணல்போல் நறநறத்தால் நீண்டநாளாக நீர் போதவில்லை என்று பொருள்.

நெடுந்தீவான் (லெஸ்டர்)

தம்பி சொல்வதெல்லாம் சரி, ஆனால் இந்தக் குளிப்பு தினமும் தேவையா? மத்தியதரைக் கடல் ஆமையை ஈரமில்லாமல் வளர்க்க வேண்டும் என்றே நாங்கள் கேட்டிருக்கிறோம். ஈரத்தில் வைத்தால் சளி பிடித்து மூக்கில் குமிழி வரும். என் ஆமை முப்பது ஆண்டுக்கு மேல் காய்ந்த தரையில்தான் இருக்கிறது, ஒரு குறையும் இல்லை.

கொவென்ட்ரி குமரன்

ஐயா, உங்கள் ஆமை வளர்ந்தது. கோடை முழுக்கத் தோட்டத்தில் இருப்பது. குட்டியின் கதை வேறு. காட்டில் அது திறந்த வெயிலில் நடமாடுவது குறைவு. புதரடியில், வேர்களுக்கு இடையில் மண்ணுக்குள் முகத்தைச் செருகிக் கிடக்கும். அங்கே ஈரம் இருக்கும். சளி பிடிப்பது குளிரும் ஈரமும் சேரும்போது. சூட்டோடு சேர்ந்த ஈரம் அதற்கு நல்லது.

ஈரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. வளர்ப்பு ஆமையின் ஓடு கூம்பு கூம்பாக எழும்புவதற்குப் புரதம் அதிகமானதே காரணம் என்றுதான் முன்பு எல்லோரும் சொன்னார்கள். 2003இல் வெளிவந்த வியன்னா ஆய்வு ஒன்றில் ஆப்பிரிக்க முள்தொடை ஆமைக் குட்டிகளை வெவ்வேறு புரத அளவிலும் வெவ்வேறு ஈரப்பதத்திலும் வளர்த்துப் பார்த்தார்கள். கூம்பு எழும்பியதில் புரதத்தைவிடக் காற்றின் வறட்சிக்கே பெரிய பங்கு இருந்தது. இனம் வேறுதான், ஆனால் ஹெர்மன் வளர்ப்பவர்கள் பலரும் கண்ணால் கண்டது இதோடு ஒத்துப்போகிறது. லண்டன் வீட்டில் குளிர்காலத்தில் வெப்பமூட்டி ஓடும் அறையின் காற்று எப்படியிருக்கும் என்று உங்கள் உதட்டைக் கேட்டாலே தெரியும்.

ஆகவே மரச்சீவல் வேண்டாம். உரமில்லாத தோட்டமண்ணும் தேங்காய்நார்த் தூளும் கலந்து, குட்டி முழுசாகப் புதையும் ஆழத்துக்குப் போடுங்கள். ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் ஊற்றி அடிமண்ணை ஈரமாக வைத்து, மேலே ஒரு மறைவிடம். மேற்பரப்பு காய்ந்திருக்கட்டும். கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஒரு சாண் உயரத்துக்குத் தாள் ஒட்டிவிடுங்கள். கண்ணாடி என்று ஒன்று இருப்பது ஆமைக்குப் புரியாது, முட்டி முட்டியே களைத்துவிடும்.

வெந்தயம் (விலங்கு மருத்துவச் செவிலி)

இடையில் வருவதற்கு மன்னிக்கவும், அக்கா. வெப்பத்தைச் சரிசெய்யுங்கள், ஆனால் மருத்துவரைத் தள்ளிப்போட வேண்டாம். கண் திறக்காமல், சாப்பிடாமல் இருக்கும் 38 கிராம் உயிரிடம் சேமிப்பு என்று ஒன்றும் கிடையாது. தொலைபேசியில் "ஊர்வன பார்ப்பீர்களா" என்று மட்டும் கேட்காமல், "ஆமை அடிக்கடி பார்க்கிறீர்களா" என்று கேளுங்கள். பிரிட்டிஷ் கெலோனியா குழு என்ற ஆமை ஆர்வலர் சங்கத்தினரிடம் ஆமை பார்க்கும் மருத்துவர்கள் பற்றி விசாரிக்கலாம்.

அடி ஓடு பற்றி: முதல் ஆண்டில் சிறிது வளைந்துகொடுப்பது இயல்பு. விரலை எடுத்ததும் உடனே பழைய நிலைக்கு வந்தால் அதைவைத்து மட்டும் பயப்பட வேண்டாம். குழி விழுந்தாலோ, மேல் ஓடும் அமுங்கினாலோ, நடக்கும்போது வயிறு தரையில் உரசினாலோ அது எலும்பு நோயின் அடையாளம். தினமும் அழுத்திப் பார்க்காதீர்கள்.

கண் மூடியிருப்பதற்கு நீர் வறட்சி, குளிர், மரத்தூசி, நோய்த்தொற்று என்று பல காரணங்கள். சில சுருள் விளக்குகளை மிக அருகில் வைத்ததாலும் கண் வீங்கியதுண்டு. எங்களிடம் வரும் பலர் "வைட்டமின் ஏ குறைவு" என்று தாங்களே முடிவுசெய்து ஊசி போடச் சொல்கிறார்கள். அது நீராமைகளில் அதிகம். பச்சிலை தின்னும் நில ஆமைக்கு அரிது. அளவு மீறினால் தோல் உரிந்துபோகும். வீட்டிலுள்ள மனிதக் கண்மருந்தும் வேண்டாம். மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சு, கழுத்து தொங்குவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே கொண்டுபோய்விடுங்கள்.

பிள்ளை தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். முத்தம் கூடவே கூடாது. நலமாகத் தெரியும் ஆமையிடமும் சால்மொனெல்லா இருக்கலாம். நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை வளர்ப்புக்கு விற்க அமெரிக்கா 1975இல் தடை விதித்ததே இதனால்தான். குளிப்பாட்டும் பாத்திரத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம்.

கொவென்ட்ரி குமரன்

உணவை விட்டுவிட்டேன். வெள்ளரிக்காய் வெறும் நீர், ஐஸ்பர்க் லெட்டூஸும் அப்படியே. தக்காளி, பழம், சோறு, பாண் எதுவும் வேண்டாம். அம்மம்மாமார் பாசத்தில் வாழைப்பழம் கொடுப்பார்கள், கண்காணியுங்கள்! அதற்குப் பிடித்தது நம் காலடியில் முளைக்கும் களை: டான்டிலயன் இலையும் பூவும், ஒடுங்கிய இலை பிளாண்டெய்ன், சௌ திசில், குளோவர். நாய் நடக்கும் பாதையிலும் மருந்தடித்த புல்வெளியிலும் பறிக்காதீர்கள். குளிர்காலத்தில் அகப்படாவிட்டால் கடையில் எண்டைவ், சிக்கரி. செம்பருத்தி வீட்டுக்குள் தொட்டியில் இருந்தால் இலையும் பூவும் கொடுக்கலாம். பசளிக் கீரை அடிக்கடி வேண்டாம், அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இலைமேல் ஒரு சிட்டிகை கால்சியம் கார்பனேட் தூள், தொட்டியில் ஒரு துண்டு கணவாய் ஓடு.

இன்னொன்று. கடையில் ஆர்ட்டிகிள் 10 சான்றிதழ் கொடுத்தார்களா? ஹெர்மன் ஆமையை அது இல்லாமல் பிரிட்டனில் விற்கக் கூடாது. பத்திரமாக வையுங்கள்.

மாம்பலம் வாசகர்

நல்ல தகவல்கள். எங்கள் வீட்டில் ஒரு நட்சத்திர ஆமைக்குட்டி இருக்கிறது, உறவினர் ஒருவர் "அதிர்ஷ்டம்" என்று கொண்டுவந்து கொடுத்தார். சென்னை வெயிலுக்கு விளக்கு தேவையா?

கொவென்ட்ரி குமரன்

நண்பரே, விளக்கைப் பற்றிப் பேச்சே வேண்டாம். நட்சத்திர ஆமையை இந்தியாவில் வீட்டில் வைப்பது குற்றம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022 திருத்தத்துக்குப் பிறகு அது முதல் அட்டவணையில் இருக்கிறது. மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தமும் 2019இலிருந்து காட்டில் பிடித்த நட்சத்திர ஆமைகளின் பன்னாட்டு வணிகத்தை அடைத்துவிட்டது. அதிர்ஷ்டம் என்ற பேச்சுதான் அதைக் காட்டிலிருந்து சாக்குமூட்டைக்குக் கொண்டுவருகிறது. வனத்துறையில் ஒப்படையுங்கள். பூங்காவிலோ ஏரிக்கரையிலோ நீங்களாகக் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். வீட்டில் ஒட்டிய நோயை மற்ற ஆமைகளுக்கும் பரப்பும்.

ஆதிராவின் அம்மா

எல்லோருக்கும் நன்றி. ஹாலோஜன் போட்ட அன்று மாலையே ஒரு கண்ணைப் பாதி திறந்தது. மருத்துவரும் கிடைத்தார். நீர் வறட்சி, தொற்று இல்லை, எலும்பு நோய் தொடங்கும் கட்டத்தில்தான் இருக்கிறது என்று சொல்லி வாய்வழியாகக் கால்சியம் கொடுத்திருக்கிறார். குளியலில் அண்ணா சொன்னதுபோலவே தொண்டை துடித்தது. வெள்ளையாக வந்தது மணலாகத்தான் இருந்தது, இப்போது மென்மையாகிவிட்டது. டான்டிலயன் இலையைக் கடித்து இழுக்கிறது. எடை 41 கிராம். வெயில் இடம் 34, மறுகோடி 21. சான்றிதழ் பெட்டிக்குள் இருந்தது.

அடுத்த குளிர்காலத்தில் உறங்க விட வேண்டுமா?

வெந்தயம்

மகிழ்ச்சி, அக்கா. அதை இப்போது முடிவு செய்ய வேண்டாம். வாரம் ஒரு முறை சமையல் தராசில் எடையை எழுதிவையுங்கள். மெதுவாக ஏறினால் போதும், வேகம் வேண்டாம். கோடையின் முடிவில் அந்தத் தாளோடு மருத்துவரிடம் போங்கள். எடை சீராக ஏறி, ஓடும் உறுதியாகியிருந்தால் சில வாரங்கள் மட்டும், வெப்பம் அளந்த குளிர்பெட்டியில் உறங்கவைக்கலாம் என்பார். சிறிது ஐயம் இருந்தாலும் விளக்கை அணைக்காமல் விழிப்பிலேயே வைத்திருங்கள். ஒரு குளிர்காலம் உறங்காமல் போவதால் குட்டிக்கு ஒன்றும் ஆகாது.

நெடுந்தீவான்

பிள்ளை, அந்த மண் கலவையில் மண் எவ்வளவு, தேங்காய்நார் எவ்வளவு? என் பேரனும் ஒரு குட்டி கேட்கிறான்.

கொவென்ட்ரி குமரன்

மண் இரண்டு பங்கு, நார் ஒரு பங்கு, ஐயா. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது.