பர்மியத் தக்காளி சாலட்டில் தண்ணீர் விடுகிறது, என்ன செய்வது?

கேள்வி:
தக்காளி, வெங்காயம், வேர்க்கடலை, எலுமிச்சை, மீன் சாஸ் எல்லாம் போட்டுத்தான் கலக்கிறேன். ஆனாலும் சற்று நேரத்தில் தட்டில் தண்ணீர் தேங்கிவிடுகிறது. ரங்கூன் கடைகளில் இப்படி ஆவதில்லையே? இன்னொன்று: லபெட் தோவுக்கு (பர்மியத் தேயிலை சாலட்) சாதாரணத் தேயிலையை ஊறவைத்துப் போடலாமா?

பதில் (மாண்டலேக்காரி):
உங்கள் பட்டியலில் வறுத்த கடலை மாவே இல்லையே! அங்கே பல சாலட்டுகளுக்கு அதுதான் உயிர். தக்காளி விடும் சாற்றை உறிஞ்சி, புளிப்பையும் உப்பையும் காயோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பச்சை மாவு வேண்டாம், வாயில் பிசுபிசுக்கும். மணம் வரும்வரை வெறும் வாணலியில் வறுங்கள். அடுத்தது எண்ணெய். வெங்காயத்தை மெலிதாக அரிந்து, துளி மஞ்சள் தூளுடன் கடலை எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்தெடுங்கள். அந்த எண்ணெயைத்தான் சாலட்டில் ஊற்ற வேண்டும். பொரித்த வெங்காயம் கடைசியில். உப்பும் எலுமிச்சையும் பரிமாறும் நேரத்தில் சேர்த்து, கையால் பிசறுங்கள். கரண்டி போட்டால் தக்காளி நசுங்கும், மாவு கட்டிகட்டியாக நிற்கும்.

காய்ந்த தேயிலை வேண்டவே வேண்டாம். லபெட் என்பது ஷான் மலைகளில் பறித்த இளந்தளிரை ஆவியில் வேகவைத்து, காற்றுப் புகாமல் அழுத்தி, மாதக்கணக்கில் புளிக்கவைத்தது. அந்தத் துவர்ப்பும் புளிப்பும் ஊறவைத்த தேயிலையில் வராது. லபெட் கிடைத்தால் பொரித்த மொச்சை, பூண்டு, வேர்க்கடலை, எள், உலர் இறால், பச்சை மிளகாய் சேர்த்துப் பிசறுங்கள். ரங்கூனில் பெரும்பாலும் முட்டைக்கோஸும் தக்காளியும் சேரும். எங்கள் மாண்டலேயில் அறைகள் பிரித்த அரக்குப் பெட்டியில் எல்லாவற்றையும் தனித்தனியே வைப்பார்கள்; வேண்டியதை வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம். எனக்கு இதுதான் பிடிக்கும், மொச்சை கடைசிவரை மொறுமொறுவென்றிருக்கும்.

இன்னொருவர்:
அக்கா, நாங்கள் சைவம். இறாலையும் மீன் சாஸையும் விட்டுவிட்டால் ருசி போய்விடுமா?

பதில் (மாண்டலேக்காரி):
போகாது தம்பி. உப்பைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டு, வறுத்த எள்ளையும் வேர்க்கடலையையும் கூட்டிக்கொள்ளுங்கள். இஞ்சி சாலட்டில் தொடங்குங்கள். இளம் இஞ்சியை நூல்போல அரிந்து எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தால் காரம் தணியும். பிறகு பிழிந்துவிட்டு மற்றவற்றைச் சேர்க்கலாம். வல்லாரையிலும் செய்வார்கள், இலை பிஞ்சாக இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்:
மாவு வறுத்துச் சேர்த்தேன். தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மிக்க நன்றி!